தக்காளிக் காயின் அடி கருகினால்: முட்டை ஓடா, கால்சியம் தெளிப்பா, மூடாக்கா?

செடி தளதளவென்று நிற்கும். முதல் கொத்துக் காயைத் திருப்பிப் பார்த்தால் அடியில் நீர் கோத்தது போல ஒரு வட்டம். சில நாளில் அது கருத்து, உள்வாங்கி, தோல் போலத் தடித்துவிடும். பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. காயின் நுனிவரை கால்சியம் போய்ச் சேராததால் வரும் கோளாறு இது.

கால்சியம் என்றதும் கை முட்டை ஓட்டைத் தேடும். கையால் நொறுக்கிப் போட்ட ஓடு, அறுவடை முடிந்து மண்ணைக் கிளறும்போதும் அப்படியே கிடக்கும். மாவாக அரைத்து, அமில மண்ணில் நடவுக்கு முன்பே கலந்தால் கொஞ்சம் பலன் உண்டு. இன்று கருகுகிற காயை அது காப்பாற்றாது.

சரி, தெளித்துப் பார்க்கலாமா? கால்சியம் வேரிலிருந்து ஏறும் தண்ணீரோடுதான் செடிக்குள் பயணம் செய்யும். இலையில் விழுந்தது இலையோடு நின்றுவிடும். அங்கிருந்து காய்க்கு இறங்காது. தெளிக்கக் கரைக்கும் கால்சியம் குளோரைடு கொஞ்சம் கூடிப்போனால் இலையும் கருகும். மூன்றில் எனக்கு நம்பிக்கை குறைவானது இதுதான்.

நான் முதலில் செய்யச் சொல்வது மூடாக்கு, அதாவது செடியைச் சுற்றி மண்ணை வைக்கோல், சருகு கொண்டு மூடுவது. பெரும்பாலான மண்ணில் கால்சியம் போதுமான அளவு இருக்கிறது. தண்ணீர்தான் சீராகப் போவதில்லை. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குளம் கட்டுகிறோம். தண்ணீரை அதிகம் இழுப்பது இலை என்பதால் கால்சியமும் அந்தப் பக்கமே போகிறது. மண் காய்ந்தால் காய்க்குப் போய்க்கொண்டிருந்த கொஞ்சமும் நின்றுபோகும். வைக்கோலோ காய்ந்த சருகோ 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி மட்டும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். அப்புறம் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மேல் மண் காய்ந்திருந்தாலும் விரல் நுனியில் ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். மழையில் மண் தெறித்து அடியிலைகளில் இலைக்கருகல் தொற்றுவதையும் இதே மூடாக்கு குறைக்கும்.

சிறிய தொட்டி என்றால் மூடாக்கு மட்டும் போதாது; வெயில் நாளில் தொட்டி மண் மாலைக்குள் காய்ந்துவிடும். பெரிய தொட்டிக்கு மாற்றுவதே நல்லது. தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தையும் குறையுங்கள், இலை பெருகப் பெருகக் காய்க்குப் பங்கு குறையும்.

கருகிய காய் இனித் தேறாது, கிள்ளிவிடுங்கள். ஈரம் சீரானதும் அடுத்த கொத்துகளைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் அடி சுத்தமாக இருக்கும்.