கூரையில் ஒட்டும் சுறாத்துடுப்பு செட்: எண்ணூர் ரோட்டில் என்ன பிரயோஜனம்?

கார் கூரையின் பின் விளிம்பில் வரிசையாக ஒட்டும் பத்து பீஸ் செட் இது. மைலேஜ் கூடும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அழகுக்கு வாங்கினால் சரி, மைலேஜுக்கு என்றால் காசு வீண்.

விஷயம் முழுப் பொய்யும் இல்லை. சிடானில் கூரை பின்கண்ணாடிக்குச் சரியும் இடத்தில் காற்று பாடியை விட்டுக் கழன்று, வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். துடுப்பு கிளப்பும் சின்னச் சுழல், மேலே ஓடும் வேகக் காற்றைக் கீழே இழுத்து அந்தக் கழலலைத் தள்ளிப்போடும். மிட்சுபிஷி 2004-ல் வெளியிட்ட லான்சர் எவல்யூஷன் சோதனையில் இழுவைக் குணகம் (காற்று வண்டியை எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் எண்) 0.006 மட்டும்தான் குறைந்தது. அதுவும் 15 முதல் 25 மி.மீ. உயரத் துடுப்பை, காற்று கழலும் இடத்துக்கு 100 மி.மீ. முன்னால், காற்றோட்டத்துக்கு 15 டிகிரி திருப்பி வைத்தால். இந்த செட்டில் கோணம் பற்றி ஒரு வரி இல்லை.

குணகம் 0.33 உள்ள சராசரி சிடானில் 80 கி.மீ. வேகத்தில் காற்றின் இழுவை சுமார் 215 நியூட்டன் (விசையின் அலகு). மிச்சமாவது 4. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் 40-ல் போனால் மிச்சம் 1 நியூட்டன்தான். டயர் உருளவே ஏறக்குறைய 130 வேண்டும். காற்றழுத்தம் சரிபார்த்தாலே இதைவிட லாபம். சும்மா கிடக்கும் கூரை கேரியரைக் கழற்றினால் இன்னும் நல்லது.

வேகன்ஆர் மாதிரி பின்பக்கம் செங்குத்தாக வெட்டிய வண்டிக்கு அறவே வேண்டாம். காற்று எப்படியும் அந்த விளிம்பிலேயே கழன்றுவிடும், துடுப்பு அதைத் தடுக்காது.

சந்தேகம் இருந்தால் 8 செ.மீ. கம்பளி நூல் துண்டுகளைப் பின்கண்ணாடியில் வரிசையாக டேப் போட்டு ஒட்டி, மீஞ்சூர் பக்கம் வெளிவட்டச் சாலையில் இன்னொரு வண்டியிலிருந்து வீடியோ எடுங்கள். நூல் படிந்து பின்னோக்கிக் கிடந்தால் காற்று ஒட்டியே ஓடுகிறது. துடித்து, முன்பக்கம் திரும்பினால் கழன்றுவிட்டது. துடுப்புடன் ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை பாருங்கள்.

பெரிய குறை டேப். கூரை வளைவு, துடுப்பின் அடி தட்டை. ஓரத்தில் இடைவெளி விழுந்து உப்புக்காற்றும் தூசியும் உள்ளே அடைகிறது. ஒட்டியே தீருவேன் என்றால் வந்த டேப்பை உரித்துவிட்டு நல்ல அக்ரிலிக் ஃபோம் டேப் போடுங்கள். கூரையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அழுத்தி ஒட்டி, 72 மணி நேரம் வாட்டர் வாஷ் பக்கம் போகாதீர்கள். எடுக்கும்போது ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பெயின்ட் போச்சு. ஹேர் டிரையரால் சூடாக்கி, காசிமேட்டில் வாங்கிய மெல்லிய தூண்டில் நரம்பை அடியில் ரம்பம் மாதிரி இழுத்தால் பிசகில்லாமல் வந்துவிடும்.