மாடியில் சூரிய மின்தகடு: விற்க வந்தவரைப் பற்றிய மதிப்பீடு

மதுரையில் எங்கள் வீட்டுக்கு வந்த சூரிய மின்தகடு நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி, விலையைச் சொல்வதற்கு முன்பே ஓராண்டின் ஆறு மின்கட்டண ரசீதுகளையும் கேட்டு வாங்கியதோடு, தண்ணீர்த் தொட்டியின் நிழல் பிற்பகலில் எதுவரை விழும் என்பதையும் மாடியேறிப் பார்த்தார். நாங்கள் கேட்டது 5 கிலோவாட். இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் செலவாகும் வீட்டுக்கு, கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் வீதம், 3 கிலோவாட்டே போதும் என்று கணக்கிட்டுக் காட்டினார். கமிஷனுக்கு வேலை செய்பவர் வாயிலிருந்து இப்படி வருவது அரிதுதான்.

குறை விலைப்பட்டியலில் இருந்தது. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தின்படி கிடைக்கும் 78,000 ரூபாய் மானியத்தைக் கழித்த தொகையே அதில் பெரிய எழுத்தில் இருந்தது. மானியமோ பணி முடிந்த பிறகே நம் வங்கிக் கணக்குக்கு வரும் என்பதால், முழுத் தொகையையும் முதலில் நாங்களே புரட்ட வேண்டியிருந்தது. நாம் எடுக்கும் மின்சாரத்தையும் மின்கம்பிக்குத் திருப்பி அனுப்பும் மின்சாரத்தையும் அளக்கும் இருவழி மீட்டருக்கான காத்திருப்பைப் பற்றியும் அவர் வாய் திறக்கவில்லை.