ஓட்டுக்கணவாயா, ஊசிக்கணவாயா: ஆய்வுக்கூடத் தொட்டிக்கு எது?

எங்கள் வளர்ப்புக்கூடத்துக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது ஓட்டுக்கணவாய் (ஆங்கிலத்தில் கட்டில்ஃபிஷ்); செபியா ஃபரோனிஸ் இனம். போட்டியில் இருந்தது செபியோட்யூதிஸ் லெசோனியானா என்ற ஊசிக்கணவாய் (ஸ்க்விட்). இரண்டும் மன்னார் வளைகுடாவில் உள்ளவை.

தண்ணீரைப் பொறுத்தவரை வேறுபாடு குறைவு. இரண்டும் ஊன் உண்ணிகள். அம்மோனியாவை ஏராளமாகக் கழிக்கும், ஆகவே வடிகட்டி தாராளமாக இருக்க வேண்டும். செம்புக் குழாய் கூடவே கூடாது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளுக்கு மைசிட் போன்ற சிற்றிறால்களை உயிரோடு தர வேண்டும்.

முடிவைத் தீர்மானித்தது தொட்டியின் சுவர். ஓட்டுக்கணவாயின் உள்ளே இருக்கும் ஓடு, நாம் கடல்நுரை என்று சொல்வது, நுண்ணறைகளால் ஆனது. அவற்றில் உள்ள நீரையும் வாயுவையும் கூட்டிக் குறைத்து அது மிதப்பைச் சரிசெய்துகொள்கிறது. அதனால் தரையில் படுத்து ஓய்வெடுக்கிறது, நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஊசிக்கணவாய்க்கு அந்த வசதி இல்லை. உள்ளே இருப்பது மெல்லிய தகடு மட்டுமே. இரவும் பகலும் துடுப்பசைத்தபடி இருக்கும். திடீரென வெளிச்சம் விழுந்தாலோ யாராவது தொட்டியைத் தட்டினாலோ பின்பக்கமாகப் பாய்ந்து சுவரில் மோதும். கணவாயின் மேல்தோல் ஒற்றை அடுக்கு உயிரணுக்களால் ஆனது. மோதிய இடத்தில் தோல் உரிந்து, விப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் புகுந்தால் பிறகு காப்பாற்றுவது கடினம். ஓட்டுக்கணவாயும் மிரண்டால் பாய்ந்து பின்நுனியைப் புண்ணாக்கிக்கொள்ளும். ஆனால் பாய்வதற்கான காரணங்கள் அதற்குக் குறைவு. மங்கிய வெளிச்சம், மூலையற்ற தொட்டி, அருகே நடமாட்டமின்மை ஆகியவையே பெரும்பாலும் போதுமானவை. சிறிய கூடத்தில் இந்த நிம்மதிக்கு ஈடு எதுவும் இல்லை.

ஊசிக்கணவாயைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்த அனுபவம் எனக்கில்லை. அது இயலாத காரியமும் அல்ல: டெக்சாஸின் கால்வெஸ்டனிலும் ஜப்பானின் ஒகினாவாவிலும் இதே லெசோனியானாவைத் தொட்டியிலேயே பல தலைமுறைகள் வளர்த்திருக்கிறார்கள். ஆயுள் சில மாதங்களே என்பதால் அடுத்த தலைமுறை விரைவில் கைக்கு வரும். மரபியல் ஆய்வாளருக்கு அது பெரிய வரம்.

ஆய்வுக் கேள்வியையும் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் உடலியலாளர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்புத் துடிப்பை விளக்கி 1952இல் கட்டுரைகள் வெளியிட்டதற்கு ஊசிக்கணவாயின் பெருநரம்பே, அதாவது மிகத் தடித்த நரம்பிழையே, ஆதாரம். அந்த நரம்புதான் உங்களுக்குத் தேவையென்றால் ஊசிக்கணவாயே பொருத்தம். நிறமாற்றம், நினைவாற்றல், பொறுமை போன்றவற்றை ஆராய்வதானால் நிலைமை வேறு. நல்ல இரைக்காக 50 முதல் 130 விநாடிகள் வரை ஓட்டுக்கணவாய்கள் காத்திருந்ததை 2021இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரே இடத்தில் அமைதியாக நிற்கும் விலங்கிடம் அத்தகைய சோதனையைச் செய்வது எளிது. அகன்ற வட்டத்தொட்டியும் நாள் முழுதும் கவனிக்க ஆளும் இருந்தால் ஊசிக்கணவாய்க்கு இறங்கலாம். இல்லையென்றால் ஓட்டுக்கணவாயோடு தொடங்குங்கள்.