டக் டக்கெண்டு சத்தம் போடுற ஹார்ட் டிஸ்க்கைக் கடையில விட்டுட்டு வராதீங்க

மட்டக்களப்பு ஆக்கள் தயவுசெய்து முழுதா வாசிங்க. கடையின்ர பெயரை நான் எழுதல்ல. எந்தக் கடைக்குப் போனாலும் இது நடக்கலாம்.

2019இல எங்கட ஊரில வடமோடிக் கூத்து அரங்கேற்றம். இரவிரவா, விடியும் வரைக்கும் ஆடினது. கூத்தைப் பழக்கி நடத்துற அண்ணாவியாரா நின்றது எங்கட பெரியப்பா. மத்தளம், சல்லரி, பிற்பாட்டு எல்லாம் கேக்கிற முழு வீடியோவும் என்ட லெப்டொப்பில மட்டும்தான் இருந்தது. பெரியப்பா இப்ப இல்ல.

போன மாதம் ஒரு படத்தைத் திறக்கவே நிமிசக்கணக்கா எடுத்தது. பிறகு ஒருநாள் காலையில விண்டோஸ் வரவே இல்ல. கறுப்புத் திரையில, பூட் பண்ண டிஸ்க் இல்லையெண்டு ஒரு வரி. காதை வச்சுக் கேட்டா உள்ளுக்க டக், டக், டக். பதறிப்போய் திரும்பத் திரும்ப ஓன் பண்ணினன். அப்பிடிச் செய்யவே கூடாதெண்டு அப்ப எனக்குத் தெரியாது.

டவுனில ஒரு கடைக்குக் கொண்டு போனன். "பயப்படாதீங்க தம்பி, டேட்டா எல்லாம் எடுத்துத் தாறம், டிஸ்க் மட்டும் புதுசு போடணும்" எண்டாங்க. நாலு நாள் கழிச்சுப் பில் 18,500 ரூபா: புது டிஸ்க்குக்கு 11,500, டேட்டா எடுத்த கூலி 7,000. வீட்ட வந்து பார்த்தா கூத்து ஃபோல்டரில எல்லா வீடியோவும் பெயரோட இருக்கு. ஒன்றும் ஓடல்ல. ஒவ்வொன்றின்ர சைஸும் 0.

திரும்பப் போய்ப் பழைய டிஸ்க்கைக் கேட்டன். "அது கழிவுக்குப் போட்டாச்சு தம்பி." நான் நகரல்ல. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு பின்னுக்கிருந்து ஒரு பொடியன் கொண்டு வந்து தந்தான்.

என்ட மச்சான் கொம்பியூட்டர் வேலை தெரிஞ்சவன். டிஸ்க்கைக் கையில எடுத்த உடனே மூடி ஆடினது. லேபலுக்குக் கீழ மறைஞ்சிருக்கிற ஸ்குரூவுக்காக லேபலைப் பிளேட்டால வட்டமா வெட்டியிருக்காங்க. மூடியை விலக்கினா, கண்ணாடி மாதிரி மினுங்குற தட்டில ஒரு பெருவிரல் அடையாளம். அதைப் பார்த்திட்டு நான் எழும்பி வெளியில போயிட்டன்.

அந்தத் தட்டுக்கு மேல வாசிக்கிற ஹெட் சில நனோமீற்றர் உயரத்தில மிதக்குது. ஒரு தூசே அந்த இடைவெளியை விடப் பெரிசு. அதனாலதான் டிஸ்க்கைத் தூசி வடிகட்டின அறையில மட்டும் திறக்கணும். இவங்க கடை மேசையில திறந்திருக்காங்க.

"புது" டிஸ்க்கை மச்சான் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில பார்த்தான். ஏற்கனவே 21,360 மணித்தியாலம் ஓடியிருக்கு. 890 நாள்! இலவச மென்பொருள், ஒரு நிமிச வேலை. காசு குடுக்க முதல் கடையிலேயே போட்டுப் பாருங்க, பில்லில டிஸ்க்கின்ர சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்க.

மச்சான் சொன்னபடி, லெப்டொப் மெதுவாகத் தொடங்கின நேரமே நிப்பாட்டியிருந்தா, பென் டிரைவில லினக்ஸைப் (விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம்) பூட் பண்ணி, டிடிரெஸ்கியூ எண்ட டிஸ்க் பிரதி எடுக்கிற மென்பொருளால முழு டிஸ்க்கையும் வேறொரு நல்ல டிஸ்க்குக்குப் பிரதி எடுத்திருக்கலாமாம். அது நல்ல இடங்களை முதல்ல எடுத்திட்டு, பழுதான இடங்களுக்குப் பிறகுதான் வரும். எதுவரைக்கும் எடுத்ததெண்டு குறிச்சு வைக்கிற மப் ஃபைல் வச்சிருந்தா இடையில நின்றாலும் விட்ட இடத்தில இருந்து தொடங்கும். பிரதி எடுக்க முதல் செக்டிஸ்க் (டிஸ்க்கில பிழை தேடித் திருத்துற விண்டோஸ் கருவி) ஓட்டுறதும் திரும்ப விண்டோஸ் போடுறதும் சாகிற டிஸ்க்கை இன்னும் கெதியாச் சாக்காட்டுறதுதான். டக் டக் வந்திட்டா பிரதியும் எடுக்க வேணாம். கரண்டைக் கழட்டிட்டு, தூசி வடிகட்டின அறை வச்சிருக்கிற இடத்துக்கு மட்டும் குடுங்க.

மணித்தியாலக் கணக்கைக் காட்டின பிறகு 6,000 ரூபா திருப்பித் தந்தாங்க. மிச்சத்துக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின்ர 1977க்கு எடுத்து முறைப்பாடு சொல்லியிருக்கன்.

அந்தக் கூத்து இரவு, ஆடின களரியைச் சுத்தி நின்ற கனபேர் போனைத் தூக்கிப் பிடிச்சிருந்தாங்க. ஆரிட்டயாவது அஞ்சு நிமிசம் இருந்தாலும் அனுப்புங்க. பெரியப்பாட குரல் கேட்டாலே போதும்.