மண்ணீரலை எடுப்பதா, மாத்திரையா? சி.எல்.எல். நோயில் அறுவைக்கு எவ்வளவு இடம்

நாள்பட்ட லிம்போசைட்டிக் லுக்கீமியா, சுருக்கமாக சி.எல்.எல்., ரத்தம், எலும்பு மஜ்ஜை, நிணநீர்க் கணு என உடலெங்கும் பரவியிருக்கும் ரத்தப் புற்றுநோய். வெட்டியெடுக்க ஒரு கட்டி கிடையாது. சிகிச்சையாக அறுவை என்று பேச்சு வந்தால் அது பெரும்பாலும் மண்ணீரலைப் பற்றித்தான். அதை எடுத்தாலும் நோய் போகாது. ரத்த அணுக்கள் ஏறலாம், வயிற்றுப் பாரம் குறையும்.

ஏறுமா என்பது அணுக்கள் எங்கே தொலைகின்றன என்பதைப் பொறுத்தது. மஜ்ஜை புற்றணுக்களால் அடைபட்டு உற்பத்தி படுத்துவிட்டிருந்தால் அறுவை வீண். மஜ்ஜை ஒழுங்காக வேலை செய்தும் மண்ணீரல் அணுக்களைப் பிடித்து அழித்தால்தான் பலன். ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) எண்ணிக்கை, உடலின் எதிர்ப்பொருள் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கிறதா என்று காட்டும் கூம்ஸ் சோதனை, மஜ்ஜைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி பார்க்காமல் அறுவைக்கு நாள் குறிப்பதை ஏற்க முடியாது.

பெரும்பாலோருக்கு இன்று மாத்திரையே முந்துகிறது. புற்றணுக்களின் வளர்ச்சிச் சமிக்ஞையைத் தடுக்கும் இப்ருட்டினிப் வகை மருந்துகள் மண்ணீரலைச் சுருக்கிவிடும். தொடக்கத்தில் லிம்போசைட் (இந்நோயில் பெருகும் வெள்ளணு) எண்ணிக்கை கூடுவதைக் கண்டு மருந்து தோற்றதாகப் பலர் பதறுவார்கள். கணுக்களில் கிடந்த அணுக்கள் ரத்தத்துக்கு வருவதுதான் அது. இம்மருந்துகளின் தொல்லை ரத்தக்கசிவும் இதயத் துடிப்புக் கோளாறும். புற்றணுக்களை மடியச் செய்யும் இன்னொரு மாத்திரையான வெனெட்டோகிளாக்ஸை 20 மி.கி.யில் தொடங்கி வாரம் ஒருமுறை 50, 100, 200, 400 என்றுதான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் அணுக்கள் மொத்தமாக மடிந்து, பொட்டாசியமும் யூரிக் அமிலமும் எகிறி, சிறுநீரகம் அடிவாங்கும்.

அறுவையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சில நாட்களிலேயே ஏறும். ஸ்டீராய்டும் ரிட்டுக்சிமாப் என்ற ஊசி மருந்தும் பலிக்காத தன்னெதிர்ப்பு ரத்தச் சிதைவில் (உடலே தன் ரத்த அணுக்களை அழிப்பது) அது இன்னும் உதவுகிறது. மண்ணீரல் போனால் கிருமித் தொற்றை எதிர்க்கும் வலு குறையும் என்பதால் நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோபிலஸ் என்ற கிருமிகளுக்கான தடுப்பூசிகள் குறைந்தது 2 வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும். ரிட்டுக்சிமாப் ஏற்றி 6 மாதம் ஆகாதவருக்கு அவை சரியாகப் பிடிக்காது. இப்ருட்டினிப் எடுப்பவர் அறுவைக்கு முன்னும் பின்னும் 3 முதல் 7 நாள் நிறுத்த வேண்டும். தட்டணு ஏற்றுவதானால் மண்ணீரல் தமனியைக் கட்டிய பிறகே ஏற்றுவது நல்லது; முன்பே ஏற்றினால் மண்ணீரலே விழுங்கிவிடும். கணையத்தின் வால் காயப்படலாம். துணை மண்ணீரல் (சிலருக்குக் கூடுதலாக இருக்கும் சிறு மண்ணீரல்) ஒன்று கண்ணில் படாமல் தங்கிவிட்டால் பழைய சிதைவு திரும்பலாம்.

மண்ணீரலுக்குக் கதிர்வீச்சு தருவது, அறுவையைத் தாங்காதவருக்கான மாற்று. நிவாரணம் சில மாதங்கள்தான்.

வீடு திரும்பியபின் வரும் வயிற்றுவலியைத் தையல் வலி என்று விட்டுவிடக் கூடாது, கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்டல் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், இரவு 2 மணியானாலும் உடனே மருத்துவமனைக்குப் போய் ஆன்டிபயாட்டிக் போட்டாக வேண்டும்.