ஓட்டுக் கையேடு எழுதப் போகிறவர்களுக்கு ‘இன்ஃபர்மேஷன் ஃபார் ஆல்’ வழிகாட்டி உதவுமா?

இன்க்ளூஷன் யூரோப் அமைப்பு 2009-இல் வெளியிட்ட ‘இன்ஃபர்மேஷன் ஃபார் ஆல்’ என்ற வழிகாட்டியைப் பற்றிய மதிப்புரை இது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தாங்களே படித்துப் புரிந்துகொள்ளும்படி ஒரு தகவலை எப்படி எழுதுவது, எப்படி அச்சடிப்பது, எப்படிப் படம் போடுவது என்று சொல்கிற சிறு நூல். எட்டு ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்தவர்கள் கூடி உருவாக்கியது. அப்படிக் கூடியவர்களில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் இருந்தார்கள். பல மொழிகளில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நாங்கள் பயன்படுத்தியது ஆங்கிலப் பதிப்பு.

‘நாங்கள்’ என்றால் என் தம்பியும் அவன் நண்பர்களும் நடத்துகிற செல்ஃப் அட்வகேட் குழு. தங்கள் வாழ்க்கை பற்றிய முடிவுகளில் தாங்களே பேச வேண்டும் என்று நினைப்பவர்கள். தேர்தல் வருகிறது, எங்களைப் போன்றவர்களுக்குத் தமிழில் ஒரு ஓட்டுக் கையேடு வேண்டும் என்று அவர்கள்தான் முடிவெடுத்தார்கள். நான் மெய்ப்புத் திருத்தும் தொழிலில் இருப்பதால் எழுதிக் கொடுக்கக் கூப்பிட்டார்கள். இந்த வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விதி விதியாகப் பார்த்து, அந்தக் கையேட்டை முடித்தோம். அந்த அனுபவத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

முதலில் பாராட்டு. இந்த வழிகாட்டியே எளிய நடையில் எழுதப்பட்டிருக்கிறது. சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் எங்கள் வேலையையே மாற்றியது இதுதான். குழுவின் தலைவிக்கு ஆங்கிலம் ஓரளவு படிக்க வரும். அவர் விதிகளைப் படித்து, மற்றவர்களுக்குத் தமிழில் சொல்லி, அதன்பிறகு என் வரைவைக் கையில் எடுத்தார். “இந்த வரியில ரெண்டு விஷயம் இருக்குக்கா. ஒரு வரிக்கு ஒண்ணுதான்னு புக்ல போட்டிருக்கு” என்றார். அவர் சொன்னது சரி, பிரித்தேன். நிபுணர்களுக்காக எழுதப்பட்ட நூறு பக்க அறிக்கையாக இது இருந்திருந்தால், நான் படித்துவிட்டு வந்து அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருப்பேன். விதிகள் அவர்கள் கையிலேயே இருந்ததால், என் எழுத்தை நிறுத்திக் கேள்வி கேட்கிற அதிகாரமும் அவர்களிடம் இருந்தது.

வழிகாட்டி திரும்பத் திரும்பச் சொல்கிற விதியும் இதையொட்டியதே: படிக்கப் போகிறவர்கள் ஆரம்பத்திலிருந்தே தயாரிப்பில் இருக்க வேண்டும். எதைப் பற்றி எழுதுவது என்பதிலிருந்து கடைசிச் சரிபார்ப்பு வரை. நான் தனியாக எழுதியிருந்தால் கையேட்டில் என்ன இருந்திருக்கும்? பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது, அடையாள அட்டை, எந்த நேரத்தில் போவது, எப்படிப் பதிவு செய்வது. எல்லாம் தேவையானவைதான். குழுவில் உட்கார்ந்து கேட்டபோது வந்த கேள்விகளோ வேறு. “நான் யாருக்குப் போட்டேன்னு வீட்ல கேட்டா சொல்லியே ஆகணுமா?” “ரொம்ப நேரம் எடுத்தா உள்ள இருக்கறவங்க திட்டுவாங்களா?” “எனக்கு யாரையுமே பிடிக்கலைன்னா?” “அம்மா கூட உள்ள வர வேண்டாம்னு சொல்லலாமா?” என் தம்பி கேட்டதுதான் எல்லோரையும் யோசிக்க வைத்தது: “அப்பாவுக்குப் பிடிச்ச கட்சியேதான் எனக்கும் பிடிச்சிருக்கு. அது தப்பாக்கா?”

தப்பில்லை என்று கையேட்டில் ஒரு பக்கமே எழுதினோம். நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் குடும்பத்தோடு ஒரே பக்கம் ஓட்டுப் போடுகிறார்கள். அவர்களிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. இவர்களிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்?

‘சொல்லிக் கொடுத்தபடிதானே போடுவார்கள்’ என்று சொல்லிச் சொல்லியே பல நாடுகள் இவர்களின் ஓட்டைப் பறித்து வைத்திருந்தன. ஜப்பானில் சட்டப்படி காப்பாளரின் கீழ் இருந்தவர்களுக்கு ஓட்டு இல்லாமல் இருந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பெண் வழக்குத் தொடுத்தார். 2013 மார்ச்சில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்த விதி அரசமைப்புக்கு முரணானது என்றது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, சுமார் 1,36,000 பேருக்கு ஓட்டுரிமை திரும்பக் கிடைத்தது. ஸ்பெயினில் 2018 டிசம்பரில் வந்த சட்டத்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் ஓட்டுரிமை பெற்றார்கள். ஜெர்மனியில் 2019-இல் அரசமைப்பு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 80,000-க்கும் மேற்பட்டவர்கள். இந்தக் கதைகளைக் கையேட்டில் சேர்க்க வேண்டும் என்று குழு பிடிவாதமாக இருந்தது. தங்களைப் போன்ற ஒருவர் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்திருக்கிறார் என்பது அவர்களுக்கு அவ்வளவு பெரிய செய்தி. ஆனால் பெரிய எண்களையும் சதவீதங்களையும் தவிர்க்கச் சொல்கிறது வழிகாட்டி. எனவே எண்ணை எடுத்துவிட்டு, “நிறையப் பேருக்கு ஓட்டு திரும்பக் கிடைத்தது” என்று எழுதினோம். எண்ணை விடுவதில் எனக்கு மனமில்லைதான், ஆனாலும் அந்த வரியைக் குழுவில் எல்லோரும் படித்துவிட்டு ஜப்பானைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். விதி வேலை செய்கிறது.

இனி தமிழுக்கு வருகிறேன். இந்த வழிகாட்டியின் பலமும் பலவீனமும் இங்கேதான் தெரியும், ஏனென்றால் இதன் அச்சு விதிகள் ரோமன் எழுத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. எல்லாவற்றையும் ஆங்கிலக் கேப்பிடல் எழுத்தில் அடிக்காதே, சாய்வெழுத்து வேண்டாம் என்பதில் முதலாவது நமக்குப் பொருந்தவே பொருந்தாது. எழுத்தளவு குறைந்தது 14 புள்ளி (பாயிண்ட்) என்கிறது. தமிழில் 14 போதவில்லை. ‘ணை’, ‘ஞை’, ‘றி’ போன்ற எழுத்துகளின் சுழிகள் நெருங்கிக் கலங்குகின்றன. 18-க்குப் போனோம், வரிகளுக்கு இடையே நல்ல இடைவெளியும் விட்டோம். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு எங்களுக்குச் சரியாக அமைந்தது.

ஒரு சொல்லை இரண்டு வரிகளில் உடைக்காதே என்ற விதி தமிழில் பெரிய சோதனை. 18 புள்ளியில் ‘எடுத்துச்செல்லவேண்டியதில்லை’ என்பது பாதி வரியை அடைத்துவிடும். சேர்த்து எழுத வேண்டியதைப் பிரித்துவிட்டார்களே என்று பக்கம் பக்கமாகச் சிவப்பு மையால் குறிக்கிற தொழில் என்னுடையது. இங்கே பிரித்தே எழுதினேன். எங்கே பிரித்தும் நீளம் குறையவில்லையோ அங்கே வாக்கியத்தையே மாற்றினோம். “இதை எடுத்துச் செல்ல வேண்டியதில்லை” என்பது “இது வீட்டிலேயே இருக்கட்டும்” என்று ஆனது. எதிர்மறை வாக்கியத்தைத் தவிர்க்கச் சொல்கிற விதியும் அதிலேயே நிறைவேறிவிட்டது.

பிரதிப்பெயர்களில் கவனம் என்று வழிகாட்டி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. தமிழில் அதற்கு ஒரு பக்கமே கொடுக்கலாம். ஓட்டுப் போடும் இடத்தில் பெயரைச் சரிபார்ப்பவர், கையெழுத்து வாங்குபவர், வழிகாட்டுபவர் என்று பலர் இருப்பார்கள். எல்லோரும் ‘அவர்’. “அவர் பெயரைப் பார்ப்பார். பிறகு அவரிடம் போங்கள்” என்ற வரியில் குழுவே சிக்கிக்கொண்டது. ஒவ்வொருவருக்கும் அவர் செய்யும் வேலையையே பெயராக வைத்தோம்.

பெரியவர்களுக்கு எழுதும்போது குழந்தை மொழி கூடாது என்ற விதியை இன்னும் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம். முப்பது வயதைத் தாண்டியவர்களையும் ‘கண்ணா’, ‘செல்லம்’ என்று கூப்பிடும் பழக்கம் வீட்டிலும் பயிற்சி மையங்களிலும் ஊறிப் போயிருக்கிறது. ‘நீ’, ‘நீங்க’, ‘நீங்கள்’ மூன்றையும் எழுதிக் காட்டி எது வேண்டும் என்று கேட்டோம். ‘நீங்க’தான் பேச்சுக்கு நெருக்கம், அதைத்தான் எடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ‘நீங்கள்’ என்றே சொன்னார்கள். பேங்க் கடிதத்தில் அப்படித்தானே வரும், எங்களுக்கும் அப்படியே வரட்டும் என்று தலைவி சொன்னார்.

மின்னணு வடிவம், காணொளி, ஒலிப்பதிவு பற்றிய பகுதிகள் சுருக்கமானவை, போதுமானவை. ஒலிப்பதிவை மட்டும் செய்து பார்த்தோம். தலைவியே நிதானமாகப் படித்துக் கொடுத்தார். படிக்கவே வராதவர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது.

குறை என்று சொல்ல வேண்டியது படங்களைப் பற்றி. ஒரு பொருளுக்கு எப்போதும் ஒரே படம், பெரியவர்களுக்குச் சிறுபிள்ளைப் படம் வேண்டாம் என்ற விதிகள் நல்லவை. ஆனால் தேர்தலில் படம் என்றால் அது சின்னம். ஓட்டுப் போடுகிற படத்தில் விரல் எந்தச் சின்னத்தின் மேல் இருந்தாலும் அதற்குப் போடு என்று சொன்னதாகிவிடும். அதனால் சின்னங்களுக்குப் பதிலாக வட்டம், முக்கோணம், நட்சத்திரம் என்று பொதுவான வடிவங்களைப் போட்டோம். சோதனை வாசிப்பில் ஒருவர் ஆர்வமாகக் கேட்டார்: “நட்சத்திரத்துல நிக்கிறது யாரு?” அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஓட்டுப் போட்டுப் பழகுவதற்கான பயிற்சிச் சீட்டில் எந்த வரிசையில் வைத்தாலும் முதலில் இருப்பதையே சிலர் தேர்ந்தெடுத்தார்கள். வரிசையை மாற்றி மாற்றிப் பல சீட்டுகள் தயாரித்து, ‘இது பழகுவதற்கு மட்டும்’ என்று ஒவ்வொன்றிலும் எழுதி, குழுவில் ஒருவரே அதை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் குழப்பம் குறைந்தது. ஒரு பக்கம் சாயாமல் தகவல் சொல்வது எப்படி என்பதற்கு இந்த வழிகாட்டியில் ஒரு வரிகூட இல்லை. மருந்துச் சீட்டுக்கும் பேருந்து அட்டவணைக்கும் அது தேவைப்படாது, ஓட்டுக்குத் தேவை.

உதவியாளர் பற்றியும் இதில் எதுவும் இல்லை. அதற்கு நாங்கள் போனது ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 29-ஆம் பிரிவுக்கு. ஓட்டு ரகசியமாக இருக்க வேண்டும், ஓட்டுப் போடும் முறை எளிதில் புரிய வேண்டும், வாக்காளர் கேட்டால், அவரே தேர்ந்தெடுக்கும் ஒருவர் உதவலாம் என்கிறது அது. கேட்டால், அவரே தேர்ந்தெடுத்தால்: இந்த இரண்டு நிபந்தனைகளையும் பெற்றோருக்கும் அண்ணன் தம்பி அக்கா தங்கைகளுக்குமான தனிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டோம். யார் உள்ளே வரலாம் என்ற நடைமுறை விதி நாட்டுக்கு நாடு மாறும். இந்தியத் தேர்தல் விதிகளில் துணையாளரை அனுமதிக்கும் 49-என், பார்வையின்மையையும் உடல் இயலாமையையும் மட்டுமே குறிப்பிடுகிறது. பிரிட்டன் 2022 சட்டத்தில் பதினெட்டு வயது நிரம்பிய யாரும் துணையாக வரலாம் என்று மாற்றியது. கையேடு எழுதுபவர்கள் தங்கள் நாட்டு விதியைத் தேர்தல் ஆணையத்திடமே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

புரிகிறதா என்று சோதித்துவிட்டு ஓட்டுக் கொடுக்கலாமே என்று எங்கள் சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். 2013-இல் ஹங்கேரியைப் பற்றிய ஒரு புகாரில், அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு இதற்கு நேராகவே பதில் சொல்லியிருக்கிறது: ஆளுக்கு ஆள் சோதித்து ஓட்டை மறுத்தாலும் அது பாகுபாடுதான். 2023-இல் ஸ்பெயினின் வலென்சியா மாகாணச் சட்டமன்றத்தில் டவுன் சிண்ட்ரோம் உள்ள மார் கல்செரான் உறுப்பினராகவே பதவியேற்றார். அந்தப் படத்தைக் கையேட்டின் நடுப்பக்கத்தில் வைத்திருக்கிறோம். அதிகம் பேர் விரல் வைத்து நிற்கிற பக்கம் அதுவே.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். ஓட்டுக் கையேடு எழுதப் போகிறவர்கள் இதோடு அதே வரிசையில் வந்த ‘டூ நாட் ரைட் ஃபார் அஸ் விதவுட் அஸ்’ என்ற சிறு நூலையும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதும் குழுவில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை எப்படிச் சேர்ப்பது என்பதை அது விரிவாகச் சொல்கிறது. சோதனை வாசிப்புக்குக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேராவது கையேட்டைச் செய்வதில் பங்கெடுக்காதவர்களாக இருக்கட்டும். செய்தவர்களுக்கு அது ஏற்கெனவே மனப்பாடமாகியிருக்கும், எந்த வரி புரியவில்லை என்று அவர்களால் காட்ட முடியாது.