எச்சரிக்கை: 96,800 கிலோமீட்டர் என்று நம்ப வைத்து என் தலையில் கட்டிய டீசல் இன்னோவா

பழைய டீசல் இன்னோவா தேடிக்கொண்டிருக்கும் யாராவது இதைப் பார்த்தால், டோக்கன் அட்வான்ஸ் போடுவதற்கு முன்னால் முழுசாகப் படித்துவிடுங்கள். நேற்று சாயங்காலம்தான் வண்டியை மெக்கானிக் ஷெட்டிலிருந்து எடுத்து வந்தேன். பில் 1,64,500 ரூபாய். வண்டி வாங்கி இன்னும் மூன்று மாதம் முடியவில்லை. அந்த பில் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ராத்திரி தூக்கம் வராமல் எடுத்து எடுத்துப் பார்த்தேன். விடிந்ததும் எழுதுகிறேன். எப்படி வாங்க வேண்டும், எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நிறைய ஓடிய டீசல் வண்டி என்றால் ஒதுங்கிப் போகிற ஆள் நானில்லை. எங்கள் மாமா கரூரில் வாடகைக்கு ஓட்டிய இன்னோவா 4,30,000 கிலோமீட்டர் தாண்டியும் அதே இன்ஜினில் ஓடியது. சபரிமலை சீசனில் வாரத்துக்கு மூன்று டிரிப் போன வண்டி. அந்த 2.5 லிட்டர் இன்ஜின் அவ்வளவு உழைக்கும், ஆனால் கவனித்தால்தான் உழைக்கும். மாமா முன்சீட் கதவுப் பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருப்பார். ஆயில் மாற்றிய கிலோமீட்டர், டீசல் ஃபில்டர் மாற்றிய கிலோமீட்டர், கிளட்ச் போட்ட தேதி எல்லாம் பேனாவில் எழுதியிருப்பார். மலை இறங்கி வந்தால் உடனே சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்க விடமாட்டார். "டர்போ சூடு ஆறட்டும்டா, ஒரு நிமிஷம் நின்னா உன் சொத்தா போகுது" என்பார். இன்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட்டை ஒன்றரை லட்சத்தில் ஒரு தடவையும் மூன்று லட்சத்தில் ஒரு தடவையும் மாற்றினார். அந்த நோட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால்தான் எரிகிறது. இந்த வண்டி மூன்று லட்சம் ஓடியது என்று உண்மையைச் சொல்லியிருந்தால்கூட, அதற்குத் தகுந்த விலை கொடுத்து வாங்கி, முதல் வாரமே பெல்ட்டை மாற்றிவிட்டுத்தான் ஓட்டியிருப்பேன்.

வாங்கின கதை இதுதான். பழைய கார் விளம்பரம் போடும் ஒரு ஆன்லைன் தளத்தில் பார்த்தேன். 2012 மாடல், வெள்ளை, 96,800 கிலோமீட்டர், டாக்டர் வீட்டு வண்டி, விலை 7,60,000. கோவைப் பக்கம் ஒரு பழைய கார் வியாபாரி. மாமாவுக்கு அந்த வாரம்தான் கண் ஆபரேஷன். அவர் வர முடியவில்லை. "ஒரு மாசம் பொறுடா, நானும் வர்றேன்" என்றார். பாப்பாவுக்கு திருச்செந்தூரில் மொட்டை போட வேண்டும் என்று அம்மா அவசரப்படுத்தினார்கள். நான் பொறுக்கவில்லை. அம்மாவையும் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே இரண்டு இன்னோவா நின்றது. ஒன்று இந்த வெள்ளை. இன்னொன்று சில்வர், அறுபதாயிரம் விலை குறைவு. நான் சில்வர் பக்கம்தான் முதலில் போனேன். அந்த ஆள் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அது வேண்டாங்ண்ணா. ட்ராவல்ஸ்ல ஓடின வண்டி, மூணு லட்சத்துக்கு மேல ஆயிருச்சு. குழந்தைய வச்சுட்டுப் போறவங்களுக்கு நான் அதைக் கொடுக்க மாட்டேன்" என்றார்.

நான் விழுந்த இடம் அதுதான். தன் கடையில் நிற்கிற வண்டியையே வேண்டாம் என்று சொல்கிற மனுஷன் பொய் சொல்வானா என்று நினைத்தேன். அம்மா அப்போதே, "நல்ல மனுஷனா தெரியுது" என்று சொல்லிவிட்டார்கள். பாப்பாவுக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார், எங்களுக்கு டீ வரவழைத்தார். மீட்டரைப் பற்றிக் கேட்டேன். "மீட்டர்ல கை வைக்கிற பொழப்பு நமக்கு வேண்டாங்ண்ணா, எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு" என்றார். டைமிங் பெல்ட் பற்றியும் வாய் திறந்து கேட்டேன். இதை அழுத்திச் சொல்கிறேன், கேட்டேன். "கம்பெனி கணக்கே ஒன்றரை லட்சங்ண்ணா. இன்னும் ஐம்பதாயிரம் கண்ண மூடிட்டு ஓட்டலாம்" என்றார். டெலிவரி அன்றைக்கு அவரே சூடம் காட்டி நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். 7,60,000 ரூபாய். அதில் மூன்று லட்சம் வீட்டுக்காரியின் நகையை அடகு வைத்தது.

ஐம்பத்து மூன்றாவது நாள் ராத்திரி திருச்செந்தூருக்குக் கிளம்பினோம். பெரியவர்கள் ஆறு பேர், பாப்பா, என் அக்கா பையன். திண்டுக்கல் தாண்டி, கொடைரோடு டோல்கேட்டும் தாண்டி எண்பதில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் "டப்" என்று ஒரு சத்தம். இன்ஜின் அணைந்துவிட்டது. ஸ்டியரிங் இறுகிவிட்டது. பிரேக்கை இரண்டு மிதி மிதித்தேன், மூன்றாவது மிதிக்கு பெடல் கல் மாதிரி நின்றது. இன்ஜின் நின்றால் பிரேக்கை லேசாக்குகிற வேக்கம் கிடைக்காது என்று தெரியும். தெரிந்து என்ன, பின்னால் ஒரு டிப்பர் லாரி லைட்டை அடித்துக்கொண்டே வருகிறது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இழுத்து ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போய்விட்டது. அம்மா முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மட்டும் லேசாகச் சுற்றியது, இன்ஜினில் பிடிப்பே இல்லை. ரெக்கவரி வண்டி பிடித்து திண்டுக்கல்லில் ஒரு ஷெட்டுக்கு இழுத்துப் போனோம். அதற்கே 6,500. காலையில் மெக்கானிக் கவரைக் கழற்றி, அறுந்த பெல்ட்டை என் கையில் கொடுத்தார். பாதிக்கு மேல் பல்லே இல்லை, ரப்பர் வெடித்துக் கிடந்தது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டை அந்த பெல்ட்தான் சுழற்றுகிறது. அது அறுந்தால் வால்வுகள் திறந்தது திறந்தபடி நின்றுவிடும், கீழே பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க் சுற்றிக்கொண்டே இருக்கும், மேலே வருகிற பிஸ்டன் நேராக வால்வில் போய் மோதும். வால்வுகள் வளைந்து, இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டையே இறக்க வேண்டியதாகிவிட்டது. "முன்னாடியே மாத்தியிருந்தா டென்ஷனரோட சேர்த்து பத்துப் பன்னெண்டாயிரத்துல முடிஞ்சிருக்கும் சார்" என்றார். பன்னிரண்டாயிரத்தில் முடிந்திருக்க வேண்டியது எனக்கு 1,64,500 ரூபாய்.

மீட்டர் 99,000 காட்டுகிறது, பெல்ட்டைப் பார்த்தால் அவ்வளவு கம்மியாக ஓடினது மாதிரி இல்லையே என்று அந்த மெக்கானிக்கே கேட்டார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஆர்.சி. இப்போது என் பெயரில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். வண்டி நம்பரைப் போட்டதும் எல்லாம் வந்துவிட்டது. பதிவான கடைசி சர்வீஸ் 2019-இல். அன்றைக்கு மீட்டர் 2,38,614 கிலோமீட்டர். பெல்ட் ஒரே ஒரு தடவை, 2016-இல், 1,52,000-இல் மாற்றியிருக்கிறார்கள். 2019-க்கு அப்புறம் எத்தனை ஓடியது என்று அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். டாக்டரும் இல்லை ஒன்றும் இல்லை, முதல் ஓனர் ஒரு கம்பெனி. ஸ்டாஃபை ஏற்றி இறக்கிய வண்டி.

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. இந்த இன்னோவாவில் டைமிங் பெல்ட் மாற்றும் தூரம் வந்தால் டேஷ்போர்டில் அதற்கென்று ஒரு விளக்கு எரியும். அதுவும் மீட்டர் கணக்கைத்தான் நம்பி இருக்கிறது. மீட்டரைப் பின்னால் தள்ளினவன் அந்த விளக்கையும் சேர்த்துத்தான் அணைத்திருக்கிறான். என்னிடம் பணம் பிடுங்கியது ஒரு பக்கம். எட்டு உயிரை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு வர வேண்டிய எச்சரிக்கையை வரவிடாமல் செய்தது இன்னொரு பக்கம். இரண்டாவதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

மாமாவும் வந்து பார்த்தார். மீட்டருக்கு மேல் இருக்கும் மூடியில் ஸ்க்ரூ ஓரம் சுரண்டியிருப்பதை விரலால் தடவியே கண்டுபிடித்தார். "பெல்ட்டை வயசுக்காவது மாத்தியிருக்கலாமேடா, பன்னெண்டு வருஷ வண்டி" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அவர் சொன்னது சரிதான்.

அப்புறம் அந்த வியாபாரியின் பேச்சு. முதல் நாள் போன் பண்ணினதும், "அச்சச்சோ, குழந்தைக்கு ஒண்ணும் ஆகலைல்லங்ண்ணா? பில் வரட்டும், நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் வேலையை ஆரம்பிக்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, "ஓவர் லோடு ஏத்தி ஓட்டியிருப்பீங்க" என்றார். சர்வீஸ் ரெக்கார்டை போட்டோ எடுத்து அனுப்பினேன். அன்றிலிருந்து அண்ணா போய் சார் ஆனது. "நானும் ஒருத்தர்கிட்ட வாங்கித்தான் வித்தேன் சார், மீட்டர் எனக்கு எப்படித் தெரியும்?" ஒரு வாரத்தில் என் நம்பரையே பிளாக் பண்ணிவிட்டார். அக்கா பையன் போனிலிருந்து கூப்பிட்டேன். "எந்த வண்டி? யார் பேசறது?"

நேரில் போனேன். இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிஸ்கட் வாங்கிக் கொடுத்த அதே மனுஷன் என்னைப் பார்க்காமலேயே அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நடந்தார். கடைசியில் ஒரு பையன் அக்ரிமென்ட் நகலைக் கொண்டுவந்து நீட்டினான். கீழே பொடி எழுத்தில், வண்டி உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது, கிலோமீட்டருக்குக் கடை பொறுப்பல்ல. அதன் கீழே என் கையெழுத்து. சூடம் காட்டுகிற நேரத்தில் நீட்டிய பேப்பர் அது.

விளம்பரம் போட்ட தளத்துக்கு நாலு தடவை எழுதினேன். நாங்கள் விற்பவரையும் வாங்குபவரையும் இணைப்பவர்கள் மட்டுமே என்று நாலு தடவையும் ஒரே பதில். புகாரை அவர்களாகவே முடித்துவைத்து, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள் என்று கேட்டு மெசேஜ் வேறு. போலீஸ் ஸ்டேஷனில் மனுவை வாங்கிக்கொண்டார்கள், இது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக வேண்டிய விஷயம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அங்கேயும் போகத்தான் போகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்குள் கொடுத்து வாங்கிய பொருள் என்றால் கட்டணம் 200 ரூபாய்தான். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டும் பதிவு செய்துவிட்டேன். அறுந்த பெல்ட்டை மஞ்சள் பையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. நேற்று ராத்திரி தூக்கம் வராமல் அதே தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே ஊர், அதே கடை, பின்னால் அதே தகரக் கூரை. அந்த சில்வர் இன்னோவா. பின் பம்பரில் வலது பக்கம் இருந்த கீறல்கூட அப்படியே இருக்கிறது. ட்ராவல்ஸில் மூணு லட்சம் ஓடியது என்று என் கையைப் பிடித்துச் சொன்ன வண்டி. விளம்பரத்தில், டாக்டர் வீட்டு வண்டி, 1,04,000 கிலோமீட்டர். பார்வையிட்டவர்கள் எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது. தளத்துக்குப் புகார் அனுப்பினேன், அதே பதில்தான் வந்தது.

அதனால் அவசரமாக, தெரிந்ததைச் சொல்கிறேன். விவரமாக எழுத இப்போது மனசு இல்லை.

பணம் பேசுவதற்கு முன்னால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் நம்பரைப் போட்டுப் பழைய கிலோமீட்டரைப் பாருங்கள். ஆர்.சி.யில் இருக்கும் ஓனரோ, அவரிடம் எழுதி வாங்கிய கடிதமோ இருந்தால் சுலபம். விற்பவன் அதற்கு மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

காலையில் சொல்லாமல் போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். பெடல் ரப்பர் தேய்ந்திருக்கிறதா, டிரைவர் சீட் ஓரம் அமுங்கியிருக்கிறதா பாருங்கள். என் வண்டியில் பெடல் ரப்பர் புத்தம் புதுசாக இருந்தது. தேய்ந்ததை மறைக்க மாற்றியிருப்பார்கள் என்று நினைக்காமல், அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன்.

கிலோமீட்டரை அக்ரிமென்டில் எழுதச் சொல்லுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும், அதைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

2016-க்கு முந்தைய 2.5 இன்னோவா என்றால் மீட்டர் என்ன காட்டினாலும் வாங்கின வாரமே பெல்ட்டை மாற்றிவிடுங்கள். அதற்கு அப்புறம் வந்த கிரிஸ்டா 2.4-இல் பெல்ட்டுக்குப் பதில் செயின், அது வேறு.

சில்வர் இன்னோவா, பின் பம்பரில் வலது பக்கம் கீறல், கோவைப் பக்கம். பார்க்கப் போகிறவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து போகாதீர்கள்.